வெள்ளச்சியைத் தேர்ந்தெடுத்தவன்

1874 பிப்ரவரி 11, புதன்

நேற்று இந்த மிரபங் ஊரைக் கொள்ளையடிக்க வந்தவனுக்கு நான் சலாம் வைத்தேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. உட்கார நாற்காலி இழுத்துப் போட்டேன். முட்டை இரண்டா மூன்றா என்று கேட்டேன். லாயத்துச் சாவியை ஆணியிலிருந்து எடுத்து, துடைத்து, கையில் கொடுத்தேன். அவன் குதிரை ஏறும்போது சரிந்துவிடக் கூடாதே என்று அங்கவடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இதை இங்கிலீஷில் எழுதினால் நாளைக்கே எனக்கு விலங்கு. அதனால் தமிழில் எழுதுகிறேன். சிட்னியிலிருந்து நானூறு மைல் உள்ளே கிடக்கும் இந்தப் பொட்டலில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் சந்தியாகு என்கிற நான் ஒருவன்தான். இங்கே எல்லாரும் பேசுவது இங்கிலீஷ். என் காதுக்குள் வந்ததும் அது எங்கள் நாகப்பட்டினத்துப் பேச்சாகிவிடுகிறது. வந்தபடியே எழுதுகிறேன்.

நடந்தது இது. காலை ஏழு மணி. நான் ஹார்ப் ஹோட்டலின் சமையற்கட்டில் ஆட்டுக்கறி வதக்கிக்கொண்டிருந்தேன். மூன்று பேர் போலீஸ் உடுப்பில் வந்தார்கள். நான் கும்பினி ராஜ்ஜியத்தில் பிறந்தவன். பித்தளைப் பொத்தானைக் கண்டால் என் முதுகு என்னைக் கேட்காமலே வளையும். உள்ளே இருப்பது யார் என்று பார்க்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. பொத்தான் பளபளத்தால் போதும். ஊரில் வேறு எவனாயிருந்தாலும், "நம்ம சார்ஜன்ட் டன்ஃபி எங்கே, நீங்க யாரு?" என்று கேட்டிருப்பான். நான் முட்டையை உடைத்தேன்.

அதோடு விட்டேனா? வாய் சும்மா இருக்குமா?

"அந்த கேப்டன் ரெட்மண்ட் பயல இன்னும் புடிக்கலியே, துரை? எங்க சார்ஜன்ட்டால அவன் நெழலக்கூடப் புடிக்க முடியாது."

மூவரில் உயரமானவன், செம்பட்டைத் தாடிக்காரன், ரொட்டியால் தட்டைத் துடைத்தபடி, "அப்படியா? சார்ஜன்ட் இப்ப எங்கே?" என்றான்.

"தூங்குவாரு."

"இல்ல தம்பி. அவரு லாக்கப்புல இருக்காரு. நாங்கதான் வச்சுப் பூட்டினோம். முட்டை ரொம்ப நல்லா இருந்துச்சு."

ரெட்மண்ட்! வேலி தாண்டுவதில் இந்தக் காலனியில் இணையில்லாதவன் என்றும், ஏழு கம்பி வேலியை நிலா வெளிச்சத்தில் தாண்டினான் என்றும், வெறுங்குதிரையில் தொண்ணூறு மைல் ஓடினான் என்றும் நாங்கள் நாலு வருஷமாகக் கதை கேட்ட ரெட்மண்ட். என் கையிலிருந்த கரண்டி விழுந்தது. அவனே குனிந்து எடுத்துக் கொடுத்தான்.

கை வலிக்கிறது. மிச்சம் நாளைக்கு.

பிப்ரவரி 12, வியாழன்

அம்மா இன்றும் சாப்பிடவில்லை. அம்மா என்றால் ஹோட்டல்காரி, ஹோனரா கீன். அயர்லாந்துக்காரி. நாற்பத்திரண்டு வயது. புருஷன் செத்து மூன்று வருஷம். யாக்கோபு என்கிற அப்போஸ்தலரின் பெயர்தான் சந்தியாகு என்று நான் ஒரு தரம் சொன்னதிலிருந்து என்னை இங்கிலீஷ்படி "ஜேம்ஸ்" என்று கூப்பிடுகிறவள். ஊரில் மற்றவர்களுக்கு நான் வெறும் "குக்கு".

எங்கள் கடற்கரைக் கோயில்களில் சந்தியாகப்பர் வெள்ளைக் குதிரைமேல் வாளோடு பாய்வார். அவர் பெயரை வைத்துக்கொண்டு குதிரை என்றால் பத்தடி தள்ளி நிற்பவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆனால் வேலை கேட்டு வந்தபோது, கப்பலில் சோறு பொங்கியவன் என்பதோடு, தஞ்சாவூர் அரண்மனை லாயத்தில் பன்னிரண்டு வருஷம் இருந்தவன் என்றும் சொல்லிவைத்தேன். எனக்குத் தெரிந்தது என் மாமனின் வண்டிமாடு இரண்டுதான். குதிரைக்காரன் தங்கம் தோண்டப் போய்விட்டபின் லாயம் என் தலையில் விழுந்தது. மாட்டுக்குச் செய்ததையே குதிரைக்கும் செய்தேன். நாக்கைச் சொடுக்கி "ஹை ஹை" என்றேன். "பா, பா" என்று கூப்பிட்டேன். கொள்ளு கிடைக்காத தேசம் இது. ஆகவே பட்டாணியை ஊறவைத்து, மசித்து, வெல்லப்பாகு ஊற்றி, மாலை நான்கு மணிக்குத் தொட்டியில் வைத்தேன். வாடகைக் குதிரைகள் எல்லாம் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தன. அம்மாவின் ஷானன் மட்டும் வந்து தின்றது.

அதைத்தான் ரெட்மண்ட் கொண்டுபோனான்.

ஷானன் வெள்ளைப் பெண்குதிரை. நான் வெள்ளச்சி என்பேன். அம்மாவின் புருஷன் மைக்கேல் கீன், மெல்போர்னில் ஒரு தரகனிடம், பந்தயத்தில் கோப்பை வாங்கிய குதிரையின் மகள் இது என்று கேட்டு, இரண்டு வயல் விற்று வாங்கிவந்தது. வந்த நாளிலிருந்து ஊர் சிரித்தது. "கீனின் பால்வண்டி" என்று பெயர் வைத்தது. சிரித்தவர்களில் முதல் ஆள் பாங்கு மானேஜர் ஹார்டிங். அவன் குதிரை சுல்தான் ஓடினால் மண் பின்னால் வரும் என்பது உண்மைதான். மைக்கேல் கீன் சாகும்வரை ஒரே பதில் சொன்னாராம்: "அவ மேல சரியான ஆளு இன்னும் ஏறல." அம்மாவும் அதையேதான் சொல்லிவருகிறாள், மூன்று வருஷமாக, சிரிக்கிறவன் முகத்தைப் பார்த்தே.

வெள்ளச்சி மெதுவா என்று என்னைக் கேட்டால், அவசரப்படாத குணம் என்பேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

செவ்வாய்க்கிழமைக் கதையை முடித்துவிடுகிறேன்.

ஊரை ஹோட்டல் சாப்பாட்டு அறையில் அடைத்தார்கள். இருபத்தாறு பேர். ஹார்டிங் ராத்திரிச் சட்டையோடு வந்தான். முழங்கால் இரண்டும் கோழிமுட்டை மாதிரி இருந்தன. கூட்டாளிகளில் ஒருவன் பாங்குக்குப் போனான், இன்னொருவன் துப்பாக்கியோடு வாசலில் காவல் நின்றான். ரெட்மண்ட் என்னை மட்டும் கூட்டிக்கொண்டு லாயத்துக்கு வந்தான்.

லாயத்தில் ஒன்பது குதிரைகள். சுல்தான் இருந்தது. போலீஸ் குதிரைகள் இரண்டு இருந்தன. ரெட்மண்ட் கதவைச் சாத்தினான். ஒன்பதையும் ஒரு பார்வை பார்த்தான். என்னை ஒரே ஒரு கேள்வி கேட்டான். நான் பதில் சொன்னேன். நேராக வெள்ளச்சியிடம் போய்க் கழுத்தில் கை வைத்தான்.

சேணம் நான் போட்டேன். ஏறினான். மேலங்கி காற்றில் விரிந்தது. எங்கள் ஊர்த் தேரில் வருகிற சந்தியாகப்பரைக் கண்ணெதிரே கண்டேன். ஐரிஷ்காரச் சந்தியாகப்பர், அவ்வளவுதான் வித்தியாசம்.

முற்றத்துக்கு வந்தபோது அம்மா சாப்பாட்டு அறையிலிருந்து வெளியே வந்துவிட்டாள். வாசலில் துப்பாக்கியோடு நின்றவன், "உள்ள போ" என்றான். அவள் அவனை ஈயைத் தள்ளுவதுபோல் தள்ளிவிட்டு நடந்தாள். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இது என் வீட்டுக்காரரு வாங்கின குதிரை. அவரு ஞாபகமா எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான். அந்தா நிக்குது சுல்தான். அதக் கொண்டுபோ. இத விட்டுரு."

ரெட்மண்ட் ஒரு கையால் பிடரி மயிரை இறுகப் பிடித்தபடி மறுகையால் தொப்பியைக் கழற்றினான்.

"அம்மா, உங்க வீட்டுக்காரருக்குக் குதிரை தெரியும்."

அம்மா கடிவாளத்தை விட்டுவிட்டாள். ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த எல்லாரும் ஹார்டிங்கைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தன் முழங்காலைப் பார்த்தான்.

கூட்டாளிகள் சுல்தான்மேல் ஒருவனும் சார்ஜன்ட்டின் குதிரைமேல் ஒருவனும் ஏறிப் பறந்தார்கள். கேப்டன் வெள்ளச்சிமேல் ராஜநடையில் போனான். நான் பழக்க தோஷத்தில் "ஹை ஹை" என்றேன். அவனும் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். வெள்ளச்சி காது சாய்த்துக் கேட்டது. காலனியை நடுங்கவைத்த கொள்ளைக்காரன் தெருமுனைவரை நாகப்பட்டினத்து வண்டிக்காரன் மாதிரி "ஹை ஹை" சொல்லிக்கொண்டு போனதை என் இரண்டு காதாலும் கேட்டேன்.

பிப்ரவரி 14, சனி

சார்ஜன்ட் டன்ஃபி வாக்குமூலம் வாங்கினார். சொந்த லாக்கப்பில் நாலு மணி நேரம் கிடந்தவர் அல்லவா, கோபம் எல்லாம் என்மேல்.

"ஏலே குக்கு, அவன் உன்னிய என்னா கேட்டான்?"

"துப்பாக்கிய நெத்தியில வச்சான், சார்ஜன்ட் துரை. சேணம் போடுன்னான்."

"நெத்தியிலயா? நேத்து ஹார்டிங்கிட்ட முதுகுலன்னு சொன்னியாமே."

"மொதல்ல முதுகு. அப்புறம் நெத்தி."

"எத்தன துப்பாக்கி?"

"ரெண்டு."

அவன் துப்பாக்கியை இடுப்பிலிருந்து எடுக்கவே இல்லை. அது இங்கே மட்டும் இருக்கட்டும்.

பிப்ரவரி 16, திங்கள்

மெல்போர்னிலிருந்து பத்திரிகைக்காரன் ஒருவன் வந்தான். துப்பாக்கி மூன்றாகிவிட்டது. மூன்றாவதை எந்தக் கையில் வைத்திருந்தான் என்று அவன் கேட்காதது என் அதிர்ஷ்டம். அவனும் அதையே கேட்டான்: லாயத்தில் கேப்டன் என்ன கேட்டான்? "குதிரை ரகசியம், தொழில் தெரிஞ்சவங்களுக்குள்ள பேசிக்கிறது" என்றேன். எழுதிக்கொண்டான்.

பிப்ரவரி 18, விபூதிப் புதன்

தவசு காலம் தொடங்கிவிட்டது. அம்மா சாப்பிடாததற்கு இனிக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவள் எட்டு நாளாகவே சாப்பிடவில்லை. வேதத்தில் அப்படிச் சொல்லியில்லை என்றேன். "நீ சாமியாரா?" என்றாள். உருளைக்கிழங்கை வேகவைத்து, சீரகம் இல்லாத தேசத்தில் மிளகு மட்டும் தாளித்து வைத்தேன். பாதி தின்றாள்.

ஒரு விஷயம். அழுகிறாள், ஆனால் தலை நிமிர்ந்து நடக்கிறாள். கடைத்தெருவில் யாரும் "பால்வண்டி" என்று சொல்வதில்லை. கொல்லன் என்னிடமே சொன்னான்: "ஒம்போது குதிரையில ரெட்மண்ட் கண்ணுக்கு ஒண்ணுதான் பட்டுச்சு. நாங்கல்லாம் மடையனுங்க." செத்த மைக்கேல் கீனின் கல்லறையில் யாரோ பூ வைத்திருக்கிறார்கள். உயிரோடு இருந்தவரைக்கும் கேலி வைத்தவர்கள்.

குதிரை போன துக்கமும் புருஷன் ஜெயித்த சந்தோஷமும் ஒரே முகத்தில் இருந்தால் எப்படியிருக்கும் என்று நான் தினம் பார்க்கிறேன். அதிகம் பார்க்கிறேன் என்று நினைக்கிறேன். வெங்காயம் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 21, சனி

பெரிய செய்தி. கூட்டாளிகள் இருவரும் அகப்பட்டார்கள், இங்கிருந்து பதினெட்டு மைலில், ஆற்றுப் பாலத்தில். அது கொள்ளை நடந்த அன்றைக்கே நடந்ததாம். கேப்டனையும் பிடித்துவிடலாம் என்று போலீசார் இத்தனை நாள் மூடி வைத்திருந்தார்கள். அடுத்த ஊர்ப் போலீசார் பாலத்தடியில் பதுங்கியிருந்திருக்கிறார்கள். முதலில் சுல்தான் வந்தது, பிறகு சார்ஜன்ட்டின் குதிரை. இரண்டையும் மடக்கிவிட்டார்கள். கேப்டன் மட்டும் வரவில்லை. வேட்டுச் சத்தம் கேட்டு எங்கேயோ திரும்பிப் போய்விட்டான்.

பத்திரிகையில் இரண்டு பத்தி. "படைத்தலைவனின் தந்திரம்! கூட்டாளிகளை முன்னே ஓடவிட்டு, தான் வேண்டுமென்றே ஒரு மணி நேரம் பிந்திவந்து, பொறியைக் கண்டுகொண்டான்!" அம்மா இதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"பாத்தியா ஜேம்ஸ், ஷானன் அவன் நெனச்ச வேகத்துல போயிருக்கா. நிறுத்தணும்னா நிறுத்துறா. அதான் ஒசந்த சாதிக் குதிரை."

"ஆமாம்மா. வேகத்த அடக்குறதுதான் கஷ்டம். தஞ்சாவூர்ல அதுக்கே மூணு வருஷம் பழக்குவோம்."

தஞ்சாவூர் என்னை மன்னிக்கட்டும்.

பிப்ரவரி 22, ஞாயிறு

நான்கு மணிக்குத் தொட்டியில் பட்டாணி வைத்தேன். தின்ன ஆளில்லை. இருந்தும் பன்னிரண்டு நாளாக வைக்கிறேன்.

பிப்ரவரி 25, புதன்

வந்துவிட்டது! வெள்ளச்சி வந்துவிட்டது!

சரியாக நான்கு மணி. தொட்டியில் பட்டாணியைக் கொட்டிவிட்டுத் திரும்பினேன். தெருமுனையில் வெள்ளையாக என்னமோ அசைந்தது. துணி காய்கிறது என்று நினைத்தேன். துணி நடந்துவந்தது. சேணம் முதுகில் இருந்தது. கடிவாள வாரைக் காலில் சிக்காதபடி கழுத்தில் சுற்றி, அழகாக முடிச்சுப் போட்டிருந்தான் அந்த மகராசன். திருடனாக இருந்தாலும் பெரிய மனுஷன். ஊர் முழுக்க வாசலுக்கு வந்து நின்றது. வெள்ளச்சி யாரையும் பார்க்காமல் தெரு நடுவில் தன் போக்கில் வந்து, தொட்டியில் மூக்கை விட்டது.

அம்மா ஓடிவந்தாள். மாவுக் கையோடு கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு என்னையும் கட்டிக்கொண்டாள். ஒரு நொடிதான். என் சட்டையில் இரண்டு மாவுக் கை பதிந்திருக்கிறது. அந்தச் சட்டை அழுக்காக இல்லை. ஆகவே இந்த வாரம் துவைக்கப் போவதில்லை.

இராத்திரி கறிக்குழம்பை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். தவசு காலம் என்று நான் ஞாபகப்படுத்தவில்லை.

மார்ச் 2, திங்கள்

வினை வந்துவிட்டது. ஹார்டிங் ரூபத்தில்.

சுல்தானும் திரும்பிவிட்டதல்லவா? நேற்று ஹோட்டலில் எல்லார் முன்னாலும் கிளாசை வைத்துவிட்டுச் சொன்னான்: "மிஸஸ் கீன், உங்க ஐரிஷ்காரங்க பேட்ரிக் திருநாளுக்குப் பந்தயம் வருது. உங்க ஷானன், எங்க சுல்தான். ரெண்டு மைல். கேப்டன் கண்ணு சரியான கண்ணான்னு ஊரு பாக்கட்டும்."

ஊர் கை தட்டியது. அவன் சிரித்த சிரிப்பில் பல் எல்லாம் தெரிந்தது. அவனுக்கு மட்டும் சந்தேகம் இருக்கிறது. பாங்குக்காரன் அல்லவா, எல்லாவற்றையும் இரண்டாம் தடவை சரிபார்ப்பான்.

அம்மா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "சரி" என்றாள்.

மார்ச் 5, வியாழன்

பட்டாணி மசிக்கும்போது அம்மா லாயத்துக்கு வந்து வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள்.

"ஜெயிப்பாளா, ஜேம்ஸ்?"

நான் பட்டாணியைத் தொட்டியில் கொட்டினேன்.

"நீ தஞ்சாவூர் அரண்மனையில இருந்தவன். உண்மையச் சொல்லு. ஜெயிக்காட்டியும் பரவால்ல. ஆனா சிரிக்கறாப்புல தோத்துட்டான்னா, மைக்கேல மறுபடியும் பொதைக்கணும். ஒரு தரம் பொதைச்சதே எனக்குப் போதும்."

வெள்ளச்சி தின்றுகொண்டே வாலால் ஈயை ஓட்டியது. அதுவும் அவசரமில்லாமல்.

நான் சொன்னேன், "ஜெயிக்கறதுக்கு என்னம்மா, கொழந்த மாதிரி. ஆனா நடையில ஒரு சின்ன வித்தியாசம் தெரியுது. பாத்துச் சொல்றேன்."

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். "நல்லாப் பாத்துச் சொல்லு" என்று எழுந்து போனாள்.

மார்ச் 12, வியாழன்

நன்றாகப் பார்த்தேன். வெள்ளச்சிக்கு வலது முன்னங்காலில் "நரம்புக் காற்று" என்கிற வியாதி. தஞ்சாவூர்க் குதிரைகளுக்கு மட்டும் வருவது. எப்படி இங்கே வந்தது என்று கேட்ட சார்ஜன்ட்டுக்கு, அதிவேகமாக ஓடிய குதிரைக்கு எந்தத் தேசத்திலும் வரலாம் என்று விளக்கினேன். ஓடினால் கால் போய்விடும். நடக்கலாம். தின்னலாம். தின்பதற்குத் தடையே இல்லை.

"எங்க காட்டு?" என்று ஹார்டிங் வந்தான். காலைத் தொடப் போனான். எனக்காகத்தானோ என்னமோ, வெள்ளச்சி தன் வாழ்நாளில் முதல்தடவையாகச் சுறுசுறுப்பாக ஒரு காரியம் செய்தது. அவன் தொப்பியைக் கடித்தது.

விளக்கெண்ணெயும் மஞ்சள் இல்லாததால் கடுகும் அரைத்துப் பற்றுப் போட்டு, என் நல்ல வேட்டியைக் கிழித்துக் கட்டினேன்.

மார்ச் 17, செவ்வாய், பேட்ரிக் திருநாள்

விடிந்ததும் லாயத்துக்குப் போனேன். திடுக்கென்றது. நான் கட்டியது இடது காலில் என்று நன்றாக ஞாபகம். இந்த ஐந்து நாளும் ஊர் முழுக்க வலது கால் என்று சொல்லித் திரிந்திருக்கிறேன். ராத்திரி படுக்கையில்தான் அது உறைத்து எனக்கு வியர்த்துவிட்டது. ஆனால் பார்த்தால் கட்டு வலது காலில்தான் இருக்கிறது. நாற்பத்தாறு வயதில் ஞாபகம் இப்படித்தான் ஏமாற்றும். முடிச்சுகூட என் முடிச்சு மாதிரி இல்லை, மாவு மூட்டை கட்டுகிற முடிச்சு மாதிரி இருந்தது. ஏதோ அவசரத்தில் போட்டிருப்பேன்.

பந்தயத்தில் சுல்தான் மற்ற ஐந்து குதிரைகளை வென்றது. கை தட்டினார்கள், மரியாதைக்கு. பிறகுதான் வெள்ளச்சி வந்தது. கழுத்தில் பச்சை ரிப்பன், காலில் என் வேட்டி. அம்மா பக்கத்தில் கடிவாளத்தைப் பிடித்து நடந்தாள், கறுப்பு உடுப்பை விட்டுவிட்டு மூன்று வருஷத்தில் முதல்முறையாக நீலம். மைதானத்தை ஒரு சுற்று. ஊர் எழுந்து நின்றது. கிழவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். "ஒம்போதுல ஒண்ணு!" என்று கத்தினான் கொல்லன். "சரியான ஆளு ஏறிட்டான்டா!"

கடைசியில் ஹார்டிங்கும் தொப்பியைக் கழற்றினான். அதில் பல் பதிந்த ஓட்டை இருந்தது.

அந்த ஒரு சுற்றுக்கு முக்கால் மணி நேரமானது. காலில் கட்டு இருக்கிறதே, பாவம் என்று எல்லாரும் சொன்னார்கள்.

மார்ச் 18, புதன்

இன்று மத்தியானம் அம்மா சமையற்கட்டு வாசலில் நின்றாள்.

"ஜேம்ஸ், கட்ட இன்னும் ரெண்டு வாரம் வச்சிருப்போமா?"

"வச்சிருப்போம்மா."

"அடுத்த வருசப் பந்தயத்துக்கு?"

"நரம்புக் காத்து வருசா வருசம் வரும்மா. தஞ்சாவூர்ல அப்படித்தான்."

சிரித்தாள். போகத் திரும்பியவள் நின்றாள். ஊரே கேட்டுவிட்டது, அவள் மட்டும்தான் இதுவரை கேட்கவில்லை.

"அன்னிக்கு லாயத்துல அவரு உன்னிய என்னதான் கேட்டாரு?"

"இந்தக் குதிரைய வாங்கினவரு யாருன்னு கேட்டாரும்மா."

"நீ என்ன சொன்னே?"

"மைக்கேல் கீன்னு சொன்னேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். நான் குழம்பைக் கிளறினேன். உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டேன்.

தமிழில் எழுதுவதில்கூட ஐந்து வாரமாக இதைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். யாரும் வாசிக்கப் போவதில்லை, எழுதிவிடுகிறேன். கேப்டன் ரெட்மண்ட் லாயத்துக் கதவைச் சாத்தினான். வெளியே கூட்டாளிகள் வருகிறார்களா என்று சந்து வழியாகப் பார்த்துக்கொண்டான். நெற்றி வியர்வையைத் துடைத்தான். ஒன்பது குதிரைகளையும், நான் எப்போதும் நிற்கிற அதே பத்தடி தூரத்தில் என் பக்கத்தில் நின்று பார்த்தான். பிறகு என் காதோரம் குனிந்து கேட்டான்:

"தம்பி, இதுல ரொம்ப மெதுவாப் போறது எது?"